பேருக்கு முன்னால் ஒரு சொல்

என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, என்னையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டுப் போன அந்தோணி மாப்ளைக்கு,

மச்சான் எழுதுகிறேன். மழைக்கு முன்னால் போனாய், இப்போது மழையும் விட்டுவிட்டது. நாம் குடியிருக்கும் லேபர் கேம்ப்பில் எல்லோரும் சுகம். உன்னைக் கட்டி மரியாவாகிப்போன என் தங்கச்சி ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள். என்மேல் எரிந்து விழவும் ஆரம்பித்துவிட்டாள், அதனால் அவளைப் பற்றிக் கவலைப்படாதே.

உனக்கு ஒரு செய்தி. உங்கள் கோயிலில் பூசை இப்போது லத்தீனில் இல்லை, தமிழில் நடக்கிறது. நீ கண்ணை மூடிக்கொண்டு "சாங்க்துஸ், சாங்க்துஸ்" என்று பாடுவாயே, அந்த இடத்தில் "பரிசுத்தர், பரிசுத்தர்" என்கிறார்கள். வாசலில் நின்று கேட்ட எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சுடலைமாடனைக் கும்பிடுகிறவனுக்கு ஏன் சப்பென்று ஆக வேண்டும், சொல்லு?

எல்லாம் நீ பிடிக்க வைத்த பைத்தியம்தான். டிராம்பே பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என் உயிரை எடுத்தாய்.

"லத்தீன்ல சாங்க்துஸ். இங்கிலீஷ்காரன் செயிண்ட்டுங்கான். போர்ச்சுகீஸ்காரன் சாந்தோங்கான். ஊர்ல எங்க சித்தப்பா சந்தியாகு பேருக்குள்ளயும் அந்தச் சாந்தோதான் உக்காந்திருக்காம். எம்புட்டுத் தூரம் கப்பலேறி வந்திருக்கு பாத்தியா மச்சான்!"

"அது கெடக்கட்டும்ல. ஸ்டாப்பு வந்தாச்சு, எறங்கு" என்பேன்.

பக்கத்து வீட்டு மராத்திக்காரர் பண்டரிபுரம் போய்வந்து, அங்கே பாடிய அடியார்களை "ஸந்த்" என்று சொன்னதும் நீ துள்ளியது இருக்கிறதே! அதுவும் இதுவும் அண்ணன் தம்பி என்று சத்தியம் செய்தாய். உங்கள் கோயில் சின்னச் சாமியார்தான் அதை உடைத்தார். ஸந்த் இந்த மண்ணின் சொல்லாம், 'சத்' என்பதிலிருந்து வந்ததாம், சாங்க்துஸுக்கு உறவே இல்லையாம். "அடப்பாவி, ஒரே மூஞ்சி, சொந்தக்காரன் இல்லயா!" என்று நீ அங்கலாய்த்தாய்.

அதோடு சாமியார் நிறுத்தியிருக்கலாம். வேதம் முதலில் எழுதப்பட்ட எபிரேயத்தில் பரிசுத்தம் என்ற சொல்லுக்கு 'தனியே ஒதுக்கி வைத்தது' என்று பொருள் சொல்வார்கள் என்றார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நீ ஆரம்பித்தாய்.

"ஒதுக்கி வெச்சாத்தான் பரிசுத்தம்னா, ஊர்ல நம்ம தெருவையே பரிசுத்தமாக்கி வெச்சிருந்தானுவளே மச்சான்!"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்கக் குறுக்கே ஒரு சுவர் இருப்பதும், உன் அப்பா நம் ஆட்களுக்கென்று விட்ட பக்கத்தில் கிடப்பதும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "சாமியும் ஒதுக்கித்தான் வெய்க்குமா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகும் பலமுறை கேட்டாய். பதில் கிடைக்கும் முன்னே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

உன்னை வைத்திருக்கும் இடத்தில் சுவர் இல்லை, மாப்ளே. நான் முதலில் பார்த்தது அதைத்தான். ஒரு பக்கம் கோவாக்காரர், மறுபக்கம் மங்களூர்க்காரர். சிலுவையில் எழுத வந்த பெயிண்டர், "பேருக்கு முன்னால என்ன போடணும்? காலஞ்சென்றன்னு போடவா?" என்றார். மரியா சீறினாள்.

"அவுக எங்கயும் செல்லல. அண்ணே, அவுக கேட்ட கேள்வி ஒனக்குத்தான தெரியும்? பதிலத் தேடிட்டு வா. அதுவரைக்கும் சிலுவை வெறுமனே நிக்கட்டும்."

சாமியாரிடம் மறுபடி போனேன். "ஒதுக்குறது தள்ளி வைக்க இல்ல, கடவுள் தனக்குன்னு வெச்சுக்கிறதுக்கு" என்றார். அப்படியென்றால் அந்தச் சுவரை எதற்குக் கட்டினார்கள் என்று கேட்டேன்.

பதில் கிடைத்த இடம் எது தெரியுமா? நம் மேலப்பாளையத்து பாய் டீக்கடை! வியாழக்கிழமை, அவர்கள் அவுலியா என்று கொண்டாடும் மகான் அடங்கிய மாஹிம் தர்காவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "உங்க அவுலியாவும் ஒதுக்கி வெச்ச ஆளுதானா பாய்?" என்று கேட்டேன்.

"சேச்சே, என்ன அண்ணாச்சி! அரபியில அதுக்குக் கிட்டத்துல இருக்கிறவர், சிநேகிதர்னுல்லா அர்த்தம். தமிழ்ல நாங்க இறைநேசர்ம்போம்."

கிட்டத்தில் இருக்கிறவர்! கேட்டாயா மாப்ளே? உடனே உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மறுநாள் பஸ்ஸில் உன் இடத்தில் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டு அழுதேன்.

இதுதான் சரியான பதிலா? எனக்குத் தெரியாது. ஒருவர் தள்ளி வைத்துப் பார்த்ததை இன்னொருவர் கிட்டே வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டில் எதைச் சாமி ஒப்புக்கொள்ளும்? அங்கே நீயே விசாரித்துக்கொள், பஸ்ஸில் என்னைக் குடைந்ததுபோல.

சிலுவையில் இப்போது 'நேசன் அந்தோணி' என்று இருக்கிறது. மரியா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, காயாத பெயிண்டைத் தொட்டு விரலெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டாள்.

நான் செத்தால் எரிப்பார்கள். உன் பக்கத்தில் எனக்கு இடம் கிடையாது. அதனால் உயிரோடு இருக்கிறவரை கல்லறைத் திருநாளுக்கு மரியாவோடு வருவேன். மழையில் அந்தச் சொல் உதிர்ந்தால் என் கையாலேயே எழுதுவேன். வாசலில் நிற்க மாட்டேன், மாப்ளே. உன்னை ஒட்டித்தான் உட்காருவேன்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணன்,
உனக்கு மச்சான், நேசன்,
இசக்கிமுத்து