நீங்கள் பேசியதில் பாதி

அக்கா,

இன்று காலை மழை விட்டதும் ஏரிப் பக்கமிருந்து மறுபடியும் அந்த நெடி வந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டேன். துருவும் அழுகிய முட்டையும் கலந்தாற்போன்ற அந்த நாற்றம் வந்தாலே உங்கள் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

கவரைப்பேட்டையில் ஏறி, கம்பெனி வேனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம் வேலைக்குப் போனோம். வார்டு மெம்பர் தேர்தலுக்கு நீங்கள் நின்றீர்கள். உங்களை எதிர்த்து நிற்கச் சொல்லி ஊரில் சிலர் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். அதை உங்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது சிரித்தீர்கள். "நில்லேன், இன்னா இப்போ? நீ ஜெயிச்சா ஏரிய நீ பாத்துக்கோ."

கிராம சபையில் நீங்கள் பேசியபோது பக்கத்தில்தான் இருந்தேன். "கம்பெனிய மூடச் சொல்லல. எங்க சோறே அதுலதான் கீது. கழிவுத் தண்ணிய ஏரில உடாதீங்க. உட்டுத்தான் ஆவோம்னா, கம்பெனிய மூடிட்டுப் போங்க."

மறுநாள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோவில் "கம்பெனிய மூடிட்டுப் போங்க" மட்டும்தான் இருந்தது. 'நம் பிள்ளைகள் வயிற்றில் அடிப்பவருக்கா உங்கள் ஓட்டு?' என்று கீழே எழுதியிருந்தார்கள்.

அன்றிலிருந்து வேனில் உங்கள் பக்கத்து இடம் காலியாகவே போனது. "அக்கா அப்டி பேசல" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பின்சீட்டு சரசு போனை என் காதருகே நீட்டினாள். "அவங்க வாயாலயே சொல்றாங்க. நீ இன்னாடி?" அதோடு நிறுத்திக்கொண்டேன். ஓட்டு என் பக்கம் திரும்புவது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அன்றே நானும் சரசு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஜெயித்த அன்று என் வீட்டுக்கு முதலில் வந்தவர் நீங்கள். "எதுக்குடி தலைய குனிஞ்சிகினு கீற?" என்றீர்கள். காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் ஓடினேன்.

நெஞ்சுவலியில் நீங்கள் போன அன்று அதே குழுவில் உங்கள் படத்துக்கு முன்னால் விளக்குப் படம் போட்டார்கள். அந்த வீடியோவைப் பரப்பியவர்களே 'ஏரிக்காகக் குரல் கொடுத்தவர்' என்று எழுதினார்கள். அதன் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அதில் ஒன்று என்னுடையது.

போன கிராம சபையில் எழுந்து, அன்று நீங்கள் பேசியதை முதலிலிருந்து முடிவுவரை சொன்னேன். கூட்டம் கலைந்ததும் சரசு வந்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"இத்த முழுசா அப்பவே சொல்லியிருந்தா, நான் அவங்களுக்குத்தான் ஓட்டு போட்டிருப்பேன் மெம்பரு."

தெருவில் யாராவது மெம்பர் என்று கூப்பிட்டால் நான் உடனே திரும்புவதில்லை அக்கா. உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.