கரையில் நிற்கும் நண்டு

காஞ்சிபுரம்,
ஞாயிறு

அன்பு மகள் நிரஞ்சனாவுக்கு,

அருகன் அருளால் இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், ரூர்கேலாவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். முழங்கால் அப்படியேதான். போனில் சொல்ல ஆரம்பித்தால் உன் குக்கர் விசில் அடிக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தத் தாள்.

நம் முன்கூடத்தைச் சாயங்கால வகுப்புக்கு விட்டிருப்பது உனக்குத் தெரியும். ஏனாத்தூர் பக்கம் கட்டட வேலைக்கு வந்த ஒரிசா, பீகார், ஆந்திராக்காரர்களின் பிள்ளைகள், கூடவே பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். நடத்துகிற துர்காதேவியும் தறிக்காரர் வீட்டுப் பெண்தான். கதையை வைத்தே மொழி சொல்லிக்கொடுப்பேன் என்றாள். ஒரு பிள்ளை தன் பாஷையில் கையைக் காலை ஆட்டிக் கதை சொல்லும், மற்றவை புரிந்த மட்டும் தமிழில் திருப்பிச் சொல்லும், கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஆங்கிலத்தில். எனக்கு நம்பிக்கையில்லை. கான்வென்டில் எங்களுக்கு வாக்கியத்தைப் பிரித்துப் போட்டுத்தான் சொல்லித்தந்தார்கள், இன்றைக்கும் என் ஆங்கிலத்தில் ஒரு பிழை காட்டட்டும் பார்க்கலாம்.

அதில் லிப்சா என்று ஓர் ஒரிசாப் பெண், எட்டு வயதிருக்கும். எந்தப் பாஷையிலும் வாயே திறக்காது. பேச வைத்துக் கூட்டிவாருங்கள், பிறகு சேர்க்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் துர்காதேவி கதை நடுவே மூச்சு வாங்க நிறுத்தினாள், மூலையிலிருந்து ஒரு 'உம்'. வாயைத் திறந்து 'யெஸ் மிஸ்' என்று சொல் என்று அதட்டினேன், உன்னையும் அப்படித்தானே வளர்த்தேன். துர்காதேவியோ சிரித்துக்கொண்டே, வுடுங்க ஆயா, கொழந்த கதைக்கு உம் கொட்டிக்கினு இருக்குது, அதுக்குப் போயி யெஸ் மிஸ்ஸா என்றாள். அவர்கள் வீட்டில் ஆயா என்றால் பாட்டியாம், எங்கள் கான்வென்டில் ஆயா என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறவள், எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பெண்ணுக்கு ஏறாது. அன்றிலிருந்து லிப்சா உம் கொட்டாமல் யாரும் அடுத்த வரி சொல்வதில்லை என்று ஆகிவிட்டது, கொட்டு லிப்சா கொட்டு என்று பீகார்ப் பையன்கள் கெஞ்சுவார்கள்.

போன மாதம் அவளே எழுந்து நின்று சொன்னாள். ஒரு நண்டு சந்தைக்குப் போய் உப்பு வாங்கி முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு திரும்புகிறது, வழியில் ஆறு. தினம் கொஞ்சமாகச் சொன்னாள், முதலில் முழுக்க ஒரியா, நாளாக ஆக நடுவில் தமிழ். தண்ணி நெறைய இருக்குது, உப்பு போயிடும், நண்டு அய்துக்கினு நிக்குது, நாளைக்கி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் நான் நம் சமண வழக்கப்படி வெளிச்சத்திலேயே சாப்பாட்டை முடித்துவிட்டு எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன், சிரிக்காதே.

அவள் வரவில்லை. இங்கே வேலை முடிந்ததென்று மேஸ்திரி எல்லாக் குடும்பங்களையும் லாரியில் ஏற்றிப் போய்விட்டானாம். ஓசூர் என்கிறார்கள், அதற்கும் அப்பால் என்கிறார்கள். தகப்பன் போன் அணைந்தே கிடக்கிறது. பேச ஆரம்பித்துவிட்டாள் என்று துர்காதேவி போய்ச் சொன்னதில், அவளைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று பள்ளியிலிருந்து சொல்லியனுப்பியது அதே வாரம்.

நண்டு என்ன ஆச்சு என்று பிள்ளைகள் தினம் கேட்கிறார்கள். நீங்களே எதுனா சொல்லி முடிச்சிடுங்களேன் என்கிறாள் துர்காதேவி. என் கதையா அது, நான் முடிக்க? உப்பு சுமந்த நண்டுக் கதை ஒன்று உண்டா என்று போனில் உன்னைக் கேட்டேனே, உங்கள் காலனியில் ஒரிசாப் பெண்கள் எல்லாரிடமும் விசாரித்து, அப்படி ஒரு கதையே இந்தப் பக்கம் இல்லையம்மா என்று நீ சொன்னாய். அப்படியானால் அது அந்தக் குழந்தையே கட்டியது, முடிவும் அவளிடம்தான் இருக்கிறது. எந்த ஊரிலோ எந்த மூலையிலோ மறுபடி வாயை மூடி உட்கார்ந்திருப்பாள், அங்கே கதை சொல்ல யார் இருக்கிறார்கள்? ஊமை என்று எழுதிவிடுவார்கள். இங்கேயும் வகுப்பு கரைந்துகொண்டு வருகிறது. துர்காதேவி கதை நடுவே நிறுத்தினால் ஒருவரும் உம் கொட்டுவதில்லை, எல்லாக் கண்ணும் அந்த மூலைக்குப் போகிறது. இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டாள்.

வேலைக்குப் போனவர்கள் உங்கள் பக்கம் ஊர் திரும்பினால் லிப்சா என்ற பெண்ணைப் பற்றிக் கேட்க மறக்காதே. இருட்டுவதற்கு முன் சாப்பிடு. குழந்தை எந்தப் பாஷையில் பேசினாலும் திருத்தாதே, பேசட்டும். மூவரும் நோய் நொடியில்லாமல் நீடு வாழ ஆசீர்வதிக்கிறேன். போனில் நீ 'ம்' என்றால் வாயைத் திறந்து பேசு என்று திட்டுவேனே, இனி திட்டமாட்டேன். அப்புறம் பேசுகிறேன் என்று மட்டும் வைத்துவிடாதே, நான் சொல்லி முடிக்கும்வரை உம் கொட்டிக்கொண்டிரு, போதும்.

உன் அம்மா,
ரத்னமாலா