தெர்மாமீட்டர் சொன்னது

அன்புள்ள அக்கா,

தேறி வருகிறேன். இதை நானேதான் சொல்கிறேன்.

செவ்வாயன்று தொண்டை எரிகிறது என்று போன் செய்தபோது, "யார் சொல்றது? நீயா, அந்தக் குரலுங்களா?" என்று கேட்டாய். எனக்கு மனச்சிதைவு வந்த நாளிலிருந்து நம் வீட்டில் புழங்கும் கேள்விதான், தப்பில்லை. "தெர்மாமீட்டர் சொல்லுது, நூத்திரெண்டு" என்றேன். "தூங்கி எழு, சரியாயிடும்" என்று வைத்துவிட்டாய்.

நான் தூங்கவில்லை. குரல்களை அடக்கும் என் மாத்திரை, சிலருக்கு நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். காய்ச்சல் வந்தால் உடனே ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையை நீட்டினேன்.

"எல்லாம் மனசுதான், பதறாதீங்க" என்றார் நர்ஸ்.

"மனசு கிடக்கட்டும், ரத்தத்தைப் பாருங்க."

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பதறியது அவர்தான்.

இப்போது தனி அறை. அணுக்கள் ஏறுகின்றன. மாத்திரையை நிறுத்தியதால் குரல்களும் திரும்பிவிட்டன. "உங்க அக்கா வரமாட்டா" என்று காலையிலிருந்து ஒரே பாட்டு. யார் சொல்வது என்று கேட்டுப் பார்த்தேன். நானில்லை, அவைதான். அதனால் நம்பவில்லை.

பார்வையாளர் நேரம் மாலை நாலு மணி. முகக்கவசம் வாசலிலேயே தருவார்கள்.

உன் தம்பி