என் நம்பரில் நீ விற்ற புலிக் கம்பளி

“சார், ஒங்களுக்குப் பென்ஷன் நின்னுபோச்சா?”

சில வருஷங்களுக்கு முன் பஸ் ஸ்டாண்டில் என் பழைய மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டாள். கேலியாக இல்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டாள். இன்று காலை மல்லாங்கிணற்றிலிருந்து விற்பனைக்கு வந்த ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். அந்துருண்டையும் வெளிநாட்டுச் சோப்பும் கலந்த வாசம் எழுந்தது. உடனே அந்தக் கேள்வியும், நான் வந்து சொன்னதும், நண்பா, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும் நினைவுக்கு வந்துவிட்டன.

அவள் மேல் தப்பில்லை. பழைய சாமான் விற்கும் ஆப்பில் கம்பளி, இஸ்திரிப் பெட்டி, பெரிய பிளாஸ்க் என்று வரிசையாகப் போட்டிருந்தாய். எல்லாவற்றின் கீழும் என் பெயர், என் நம்பர். வாத்தியார் வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிடுகிறார் என்று டவுனில் பாதிப் பேர் நினைத்திருப்பார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் உன் கம்பெனி உன்னை லீவில் ஊருக்கு அனுப்பியது. கூப்பிடுகிறோம் என்றார்கள், கூப்பிடவில்லை. பாதி வாழ்நாளை வளைகுடாவில் ஒரு குடோனில் கழித்தவனுக்கு அறுபதை நெருங்கும் வயதில் இங்கே யார் வேலை தருவார்கள்? ஊரில் தறிகளே ஓடியும் ஓடாமலும் இருந்த நேரம். வீட்டில் இருந்ததெல்லாம் பரண் நிறையப் பெட்டிகள். ஒவ்வொரு தடவையும் நீ கொண்டுவந்து, நல்ல நாளைக்கு ஆகும் என்று உன் வீட்டுக்காரம்மா கட்டுப் பிரிக்காமல் ஏற்றிவைத்தவை. அதை விற்றுப் பிழைக்கலாம் என்று முடிவு செய்தாய். ஆனால் உன் பெயரில் விற்க மனம் வரவில்லை.

“ஏலே வாத்தி, மகளக் கட்டிக்குடுத்து ஒரு வருஷங்கூட ஆகல. சம்பந்தி வீட்டுல லீவுல இருக்கேன்னுதான் சொல்லிருக்கேன். வேல போயிருச்சுன்னு தெரிஞ்சா எம்புள்ளைய எப்படிப் பாப்பாக?”

அதனால் என் பெயரையும் நம்பரையும் போட்டோம்; போன் எடுப்பது நான், படம் எடுப்பது நீ, விவரம் எழுதுவது நான். புலிப் படம் போட்ட முதல் கம்பளிக்குக் கட்டுரைப் போட்டிக்கு எழுதுவது போல எழுதினேன். கண்ணைக் கவரும் வண்ணம், மனத்தை மயக்கும் மென்மை. படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

“இது கம்பளியா, கல்யாணப் பொண்ணா? ஓரத்துல எலி கடிச்சிருக்குன்னு மொத வரியில எழுது. வாங்குனவன் வீட்டுல போயி விரிச்சுப் பாத்துட்டு நம்மள வையக் கூடாது.”

அப்படியே எழுதினேன். அழைப்புகள் வந்தன. புலிக்குப் பதிலாகச் சிங்கம் இருக்கிறதா என்று கேட்டார் ஒருவர். எம்.ரெட்டியபட்டியிலிருந்து பேசிய ஒருவர், “இந்த வெயில்ல கம்பளி விக்கிறீகளே, ஒடம்புக்கு நல்லாத்தான இருக்கீக?” என்று அக்கறையாக விசாரித்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம். என் வீட்டு ஹாலில் ஸ்டூல் மேல் பிளாஸ்க்கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். வாசலில் ஆட்டோ நின்றது. ஜன்னல் வழியே பார்த்தவன், “சம்பந்திடா” என்று முனகிவிட்டு அடுப்படிக்குள் புகுந்துகொண்டாய்.

திருச்சுழியிலிருந்து வந்த அவர் நிதானமாக உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். “சார், புலிக் கம்பளி இருக்கா? எங்க சின்னவன் ஊட்டியில பேக்கரி வேலைக்குப் போயிருக்கான். குளுரு தாங்கலையாம்.”

எடுத்துக் கொடுத்தேன். தடவிப் பார்த்தார்.

“நல்ல கம்பளி. சார் எந்த நாட்டுல வேல பாத்தீக?”

“இங்கதான். பள்ளிக்கூடத்துல.”

“பள்ளிக்கூடத்துல புலிக் கம்பளியா குடுக்குறாக?”

எனக்கு வேர்த்துவிட்டது. அவர் தன் போனில், நாம் ஆப்பில் போட்டிருந்த கம்பளிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். கம்பளிக்குப் பின்னால் அது வந்த அட்டைப்பெட்டி. ஏர்போர்ட்டில் பெட்டி மாறிவிடக் கூடாது என்று வெளிநாட்டிலிருந்து வருகிற நீங்கள் எல்லோரும் நாலு பக்கமும் மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதுவீர்களே, அந்த எழுத்து. உன் பெயர், உன் அத்தா பெயர், அருப்புக்கோட்டை, மதுரை ஏர்போர்ட். பெயரை மறைக்க என் நம்பரைப் போட்டவன், பெட்டியை மறைக்க மறந்திருந்தாய்.

“அடுப்படியில இருக்குற சம்பந்திய வரச் சொல்லுங்க சார். வாசல்ல அவுக செருப்பு கெடக்கு.”

நீ வந்தாய். பரணைக் காலி செய்கிறேன் என்று ஒரு சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். நானும் அதைத்தான் சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். நீ அவருக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

“வேல போயிருச்சு. இனிமே கூப்புட மாட்டாக. இதான் இப்ப என் பொழப்பு. இத வச்சு மக கிட்ட எதும் சொல்லிராதீக.”

“நான் என்னத்தச் சொல்ல? அவதான் படத்த மொதல்ல பாத்துட்டு எங்கிட்டக் கொண்டாந்து காட்டுனா. ‘அத்தாவ ஒண்ணும் கேட்டுறாதீக மாமா’ன்னா. அவ சொல்லி மாசம் ஒண்ணாச்சு. இன்னைக்குக் கம்பளி நெசமாவே வேணும், அதான் வந்தேன்.”

நீ முகத்தைத் துடைத்துக்கொண்டாய். அவர் எழுந்தார்.

“ஒரு கை புடிங்க. ஆட்டோவுல ரெண்டு பெட்டி இருக்கு. எங்க பரண்லயும் பாத்திரம் பண்டம்னு நெறையக் கெடக்கு. திருச்சுழியில வச்சு வித்தா நாலு பேரு நாலு பேசுவான். சார் நம்பர்லயே போட்டு விட்ருங்க.”

“சார் நம்பர் வேண்டாம்,” என்றாய். “இனிமே என் நம்பர்தான்.”

வகுப்பில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாத பையன் முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின் பதுங்கிப் பதுங்கி அந்த மணி நேரம் முழுவதும் வேர்த்துப்போவான். எழுந்து நின்று “எழுதல சார்” என்றவன் அடுத்த நிமிஷம் நிம்மதியாகப் பாடத்தைக் கவனிப்பான். அன்று மாலை நீ தேநீர் குடித்த விதத்தில் அந்தப் பையன் தெரிந்தான்.

உன் பெயர் போட்ட பிறகுதான் தொழில் தொழிலானது. வளைகுடாவுக்குப் போய்வந்த வீடுகளில் எத்தனை பெட்டிகள் கூச்சத்தால் பரணிலேயே கிடந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. தறிக்காரர்கள் மிக்சியும் கட்டிலும் கொண்டுவந்தார்கள். நீ பணக்காரன் ஆகவில்லை. ஆனால் திரும்ப விமானம் ஏறவும் இல்லை. பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு திருச்சுழி பஸ்ஸில் போய்வந்தாய்.

போன வருஷம் ஒரு மதியத் தூக்கத்தில் போய்விட்டாய். உன் வீட்டுக்காரம்மாதான் இப்போது எல்லாம் பார்க்கிறது. விவரம் எழுதுவது இன்னும் நான்தான். கை பழக்கத்தில் எங்காவது அலங்காரமாக எழுதிவிட்டால், “அண்ணே, கொறைய மொதல்ல எழுதுங்க. அவுக இருந்தா வைவாக” என்கிறது. எழுதுகிறேன். என்னைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டி வரும்போதும் இப்போதெல்லாம் அந்த வரிசையில்தான் சொல்கிறேன். டாக்டரிடம், மகனிடம், கடன் கேட்டு வருகிறவரிடம். மனம் லேசாக இருக்கிறது.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். உங்கள் இப்போதைய நிலைமையை யாரிடம் மறைத்துக்கொண்டிருக்கிறீர்களோ, அவருக்கு இன்று நீங்களே போன் செய்து சொல்லிப் பாருங்கள்.