சரியான விடைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

அக்கா,

செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு பத்து. கணக்குகள் எட்டு, உன் மகள் முடித்தவை ஏழு. எட்டாவதற்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. அது உன் பென்சில்தான். சுண்டுவிரல் அளவுகூட மிச்சமில்லை. சீவினால் தீர்ந்துவிடும் என்று தர்ஷி யாரையும் சீவ விடுவதில்லை. மொட்டை முனையால் அழுத்தி வைக்கிறாள்.

முன்பெல்லாம் அந்தப் புள்ளியை நீ வைப்பாய். கடையிலிருந்து வந்து முகம் கழுவி, ஈரத் துவாயோடு அவள் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவாய். கணக்கை ஒருமுறை சொல்லிக்கொடுப்பாய். விளங்காவிட்டால், விடையைச் சொல்லாமல் டீச்சருக்கு அடையாளமாகப் புள்ளி வைத்து அனுப்புவாய். எனக்குப் பொறுக்காது. "ரெண்டு நிமிச வேலை. விடையச் சொல்லி முடிச்சு விடேன்."

"லிஃப்ட் பழுதானா நீ என்னடா செய்வே?"

"திருத்துவேன். அதுக்குத்தானே படிச்சேன்."

"திருத்த முடியலன்னா?"

"ஏறாதீங்கன்னு போர்டு மாட்டுவேன்."

"அதான் இது. உன் போர்டைவிடச் சின்னது. போய் டீயக் குடி."

போன வருடத்து டீச்சர் கொப்பியைத் திறந்ததும் முதலில் புள்ளியைத்தான் தேடுவார். அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டு மறுபடி சொல்லிக்கொடுப்பார். அவர் கம்பளைக்கு மாற்றலாகிப் போனார். நீயும் போய்விட்டாய். இரண்டும் ஒரே தவணை விடுமுறையில். அத்தான் உன் காரியம் முடிந்ததும் கட்டாருக்குத் திரும்பிவிட்டார். இப்போது அந்தக் கதிரையில் நான்.

புது டீச்சர் கெட்டவர் அல்ல. அவசரக்காரர், என்னைப் போல. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. "ஹோம்வேர்க் எல்லாம் சரியா வரணும். வீட்டுல ஒருத்தர் பாத்து அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் குரல் வருகிறது. சற்று நேரத்தில் தாய்மார் வரிசையாகக் கொப்பிப் பக்கங்களின் படம் போடுகிறார்கள். ஒரு பிழை கிடையாது. வகுப்பில் அத்தனை பேருக்கும் எல்லாம் தெரியும் என்றால் டீச்சர் எதற்கு?

நேற்று நானும் அதைத்தான் செய்தேன். 503இலிருந்து 278ஐக் கழிக்க வேண்டும். "பக்கத்துல பூஜ்ஜியம்தானே மாமா இருக்கு, யாருகிட்ட கடன் வாங்குறது?" என்று கேட்டாள். இரண்டு தடவை சொன்னேன். பிறகு பொறுமை போய்விட்டது. "225. எழுது." எழுதினாள். எழுதிவிட்டுப் பக்கத்தில் புள்ளியும் வைத்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

இன்று காலை டீச்சர் கேட்டாராம்: "விடை சரிதானே, பிறகு எதுக்குப் புள்ளி?"

"அது மாமாவுக்குத் தெரியும் டீச்சர். எனக்குத் தெரியாது."

வாய் காட்டுகிறாள் என்று இடைவேளை வரை நிற்க வைத்திருக்கிறார்.

இன்றைக்கும் அதே மாதிரிக் கணக்கு, அதே புள்ளி. அழிறப்பரை நீட்டினேன். "அழிச்சிரு. இல்லாட்டி நாளைக்கும் நிக்கணும்."

"நிக்கிறது பரவாயில்ல மாமா. கால் மட்டுந்தான் வலிக்கும். புள்ளி இல்லாட்டி டீச்சர் சொல்லித் தரமாட்டாங்க."

"இருந்தும்தான் சொல்லித் தரலியே."

கொப்பியை மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். கோபம் வந்தால் நீ கணக்குப் புத்தகத்தை மூடிக்கொண்டு உட்காருவாயே, அதே மாதிரி.

உன் வழி சரிதான் அக்கா. ஆனால் அந்தப் பக்கம் அதைப் படிக்க ஓர் ஆள் வேண்டும். வாசிக்க ஆளில்லாத போர்டைப் பிள்ளையின் கழுத்தில் மாட்டி அனுப்ப என்னால் முடியாது. கழற்றச் சொல்லவும் முடியவில்லை. அதை விட்டால் உன்னிடமிருந்து அவளுக்கு வேறென்ன மிச்சம்? எனக்கும்தான். ஆகவே:

1. எட்டாவது கணக்கின் விடையைச் சொல்லமாட்டேன். புள்ளி இருக்கட்டும்.

2. காலையில் அரை நாள் லீவு. அவளோடு மஹய்யாவ இறக்கத்தில் நடந்து பள்ளிக்கூடம் போவேன்.

3. புள்ளி என்றால் என்னவென்று டீச்சரிடம் சொல்வேன். சத்தம் போடமாட்டேன். லிஃப்ட் கதையையும் சொல்வேன், நீ சொன்னதாகவே.

4. கேட்காவிட்டால் மறுநாளும் போவேன்.

5. திரும்பும் வழியில் ஒரு பெட்டி சிவப்புப் பென்சில்.