அப்பாவின் வலது கை

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கே நாங்கள் எப்படி என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்ன பதிலையே எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் அது பொய். உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால்தான் ஒன்றுமே நடக்காதது போலச் சிரித்துப் பேசினேன். உன்னிடம் பேச்சுவாக்கில்கூடச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லையே. பள்ளிக்கூட அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், முடித்ததும் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பிவிடுவேன். படித்துவிட்டுப் பதறாதே, அதற்காக ஆறப் போட்டும் விடாதே.

அப்பாவை ஆஸ்பத்திரி வார்டு உதவியாளர் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் வார்டில் வயதான நோயாளி ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பாத்ரூமுக்குப் போகக் கட்டிலை விட்டு எழுந்தவர் அங்கேயே விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. உன் அப்பாதான் உதவிக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னது இதுதான், அவர் கால் மடங்கியது, பிடிக்கப் போனேன், எட்டவில்லை. வாத்தியாரைக் கேட்டால் முதுகில் ஏதோ பட்ட மாதிரி இருந்தது, அதற்கு மேல் நினைவில்லை என்கிறாராம். இத்தோடு போயிருக்கும். ஆனால் அந்த வார்டு மூலையில்தான் உன் கம்பெனி கேமரா இருக்கிறதே. நடமாடுகிற ஆட்களை அந்தந்த நொடியே கம்ப்யூட்டரில் முழு உருவப் பொம்மையாக்கிக் காட்டும், யாராவது விழுந்தால் நர்ஸ் மேஜையில் மணி அடிக்கும், முகம் தெரியாது, உடுப்பு தெரியாது, நோயாளியின் மானம் போகாது, வீடியோவை அப்போதே அழித்துவிட்டுப் பொம்மையை மட்டும்தான் சேமித்து வைக்கும் என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். அதுதான் இப்போது எங்கள் கழுத்தைப் பிடிக்கிறது. விசாரணையில் போட்டுக் காட்டியதும் அந்தப் பொம்மைகளைத்தான். சாம்பல் நிறத்தில் ஒன்று எழுந்து நிற்கிறது, இன்னொன்று பின்னால் வந்து வலது கையை நீட்டி முதுகில் வைத்துத் தள்ளுகிறது, முன்னால் இருந்தது சரிந்து விழுகிறது. அப்பாவுக்குக் கொடுத்த பிரதியை நானும் பார்த்தேன். பாதியிலேயே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன் குட்டிமா, ஏனென்றால் அது உன் அப்பாவேதான். அதே கூன், அதே பாதத்தைத் தேய்த்துக்கொண்டு வரும் நடை. நடை அவருடையது என்றால் கையும் அவருடையதாகத்தானே இருக்கும் என்று எனக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது. அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பிறகு தலைமை நர்ஸை வழியில் பார்த்தபோது ஒன்று கேட்டேன். கட்டில்களுக்கு நடுவில் தொங்கும் திரை அன்றைக்குப் பாதி இழுத்திருந்ததாம், அப்பாவின் வலது பக்கம் அந்தத் திரைக்குப் பின்னால்தான் இருந்திருக்கும் என்கிறார். அப்படியானால் கேமரா அந்தக் கையை எங்கிருந்து பார்த்தது? போன தடவை நீ வந்திருந்தபோது உன் லேப்டாப்பை மேஜையில் வைத்து, சோபாவுக்குப் பின்னால் நின்று போர்வை மடித்துக்கொண்டிருந்த என்னைப் பொம்மையாக்கிக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? அந்தப் பொம்மைக்கு இரண்டு காலும் இருந்தன. என் காலை இது எங்கேடி பார்த்துச்சு என்று நான் கேட்டதற்கு, தெரியாத இடத்த அதுவா நிரப்பிக்கும்மா, ஓடிட்டு இருக்கும்போதே காட்டணும்ல, யோசிக்க நேரம் இருக்காது என்றாய். என் காலுக்கு அது எந்தக் காலை வைத்தாலும் எனக்கு நஷ்டமில்லை, சிரித்துவிட்டுப் போனேன். இப்போது கேட்கிறேன், உன் அப்பாவுக்கு அது யார் கையை வைத்தது?

இதை அவரிடமும் சொன்னேன். சொன்னதற்கு என் மேலேயே எரிந்து விழுந்தார். அது எம்பொண்ணு செஞ்சதுடி, அது பொய் சொல்லாது என்கிறார். அந்தக் கேமரா வந்த நாளிலிருந்து வார்டில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, எம்பொண்ணு பண்ணதாக்கும் என்று தம்பட்டம் அடித்தவர் அல்லவா. மிஷின் தப்பு என்று எழுதிக் கொடுத்தால் உன் வேலைக்குக் கெட்ட பெயர் வரும் என்று பயப்படுகிறாரா, இல்லை நிஜமாகவே அதை நம்புகிறாரா என்று முதலில் எனக்குப் புரியவில்லை. இப்போது புரிந்துவிட்டது, நம்புகிறார். முதல் இரண்டு நாள், நான் தள்ளவே இல்ல என்று கத்தினார். பிறகு அந்தப் பிரதியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். தள்ளினேனா தெரியலையே என்று ஆரம்பித்தார். இப்போது, அவசரத்துல தள்ளியிருப்பேன் போல என்கிறார். சவரம் செய்வதில்லை, சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது, முன்பெல்லாம் ஒரு சொட்டு விழுந்தால் ஸ்பானரோடு ஓடி வருகிறவர், இப்போது அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

வியாழக்கிழமை கடைசி விசாரணை. அன்றைக்கு எப்படி நடந்ததோ அப்படியே செய்து காட்டச் சொல்வார்களாம். அதற்காக என்னை வாத்தியார் மாதிரி கட்டில் ஓரத்தில் நிற்க வைத்துப் பழகிப் பார்த்தார். முதலில் செய்தபோது இரண்டு கையும் என் அக்குளை நோக்கி வந்தன, பிடிக்க வருகிற கைகள், எனக்குத் தெரியாதா, எனக்கு ஆபரேஷன் ஆனபோது அவர் தூக்கி நிறுத்திய கைகள்தானே. இல்ல, இப்படி இல்ல என்று அவரே தலையை ஆட்டிவிட்டு, போனில் பொம்மையைப் பார்த்துவிட்டு மறுபடி வந்தார். நேற்று சாயங்காலம் வலது கை மட்டும் நேராக வந்து என் முதுகில் விழுந்தது. நான் விழுந்து, அலமாரியில் இடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது, இந்த எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், பயப்படாதே, எலும்புக்கு ஒன்றுமில்லை. என்னைத் தூக்கிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே, பாத்தியா, எவ்வளவு சுலபமா வருது, நான்தான் பண்ணிருக்கேன் என்று சொல்லிவிட்டு அழுதார். பொம்மை அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது போக, இப்போது அவர் பொம்மையைப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டார் குட்டிமா. வியாழக்கிழமை அத்தனை பேர் முன்னாலும் அச்சு அசலாக அதையே செய்து காட்டிவிட்டு வருவார். அதற்குப் பிறகு யார் வந்து என்ன சொன்னாலும் எடுபடாது.

உன் வேலைக்கும் இதில் ஆபத்து இருக்கிறது என்று தெரியாமல் எழுதவில்லை. மேலதிகாரிகளிடம் என்ன சொல்வது, ஆஸ்பத்திரிக்கு எழுதுவதா வேண்டாமா என்பதெல்லாம் நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யுங்கள், நான் தலையிட மாட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் பதிவை உள்ளே போய்ப் பார்க்க உன்னால் முடியும் என்றால் பார், கேமரா கண்டது எது, அது தானாக நிரப்பியது எது என்று பார். கை நிரப்பியதுதான் என்றால் அதை அவரிடம் சொல். அந்தக் கை உங்களோடது இல்லப்பா, நான் வச்சதுப்பா என்று நீதான் சொல்ல வேண்டும், வேறு யார் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். நிஜமாகவே பார்த்தது என்றால் அதையும் மறைக்காமல் சொல், மன்னிப்புக் கேட்க வாத்தியார் வீட்டுக்கு நானே அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எதுவும் தெரியாமல் இப்படி இருப்பதுதான் தாங்கவில்லை.

மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். இந்தக் கவலையில் சாப்பிடாமல் கிடக்காதே. நீ எந்த மூலையில் இருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கையால் செய்வது நாலு பேருக்கு நல்லதாகவே முடிய வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. எப்போது கூப்பிட்டு அப்பா போனை எடுத்தாலும், உனக்கு வாயில் முதலில் வருவது அம்மா எங்கே என்பதுதான், அவரும் உடனே போனை என்னிடம் நீட்டிவிடுவார். விசாரணைக்கு முந்தின நாள், புதன்கிழமை கூப்பிடும்போது அப்படிக் கேட்காதே. உங்ககிட்டதான்ப்பா பேசணும் என்று சொல்.

எப்போதும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா