மாண்டோர் இலையிலிருந்து எடுத்த இறைச்சி

ஏழு மலைக்கும் தேனாற்றின் இரு கரைக்கும் உரிய கோமகள், மயிற்கொடி உடைய முகில்நங்கை, தலைநகர் மாவூரின் நகரத் தலைவர் வெண்காடருக்கு எழுதுவித்த ஓலை. உம் தெருக்களில் விளக்கு குன்றாதிருக்க. உம் களஞ்சியத்தில் எலி பெருகாதிருக்க. உம் வீட்டார் நோயின்றி வாழ்க.

செய்தி யாதெனில், வடகணவாய்ப் படைத்தலைவன் பொறையன், போருக்கு முந்தின மாலை, பசித்திருந்த தன் வீரர் அறுவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தான். உயிரோடு திரும்பினால், மாவூரில் நம் மயிற்கொடி பறக்கும் செங்கனல் ஊண்சாலையில் சுட்ட ஆட்டுத்தொடை வாங்கித் தருவதாகச் சொன்னான். அன்று அவர்கள் பழஞ்சோற்றைத் தின்றுகொண்டே அந்தத் தொடையைப் பற்றித்தான் பேசினார்களாம். மறுநாள் நால்வர் மாண்டனர். எஞ்சிய இருவரோடு பொறையன் இருபது நாள் நடந்து வந்தான். இருவரில் ஒருவனுக்கு வலக்கை இல்லை.

ஏழு இலைக்கு விலை கேட்டபோது, கொடிக்கும் சேர்த்துத்தான் விலை என்றானாம் சாலைக்காரன் கோவரியன். பொறையன் நாம் அளித்த வீரக்கழலை விலையாகக் கழற்றி வைத்தான்.

வந்ததோ நேற்றுச் சுட்ட இறைச்சி. தேன் தடவி மீண்டும் அனலில் காட்டியிருந்தார்கள். மேலே கரி, நடுவே குளிர்ச்சி. கையிழந்தவனால் அதைப் பிய்க்க முடியவில்லை. பொறையன் தன் பல்லால் கிழித்து ஊட்டினான். இதுவரை அவன் பொறுத்தான்.

நம் நாட்டு வழக்கம் நீர் அறிவீர். போரிலிருந்து மீண்டவர் உண்ணும் முதல் விருந்தில் மாண்டவருக்கும் இலையிடுவர். அதில் இட்டதை எவரும் தொடாமல் காகத்துக்கு வைப்பர். மூவரும் கைகழுவித் திரும்புமுன் அந்த நான்கு இலைகளும் வெறுமையாகக் கிடந்தன. அவற்றிலிருந்த இறைச்சி மறுபடி அனலில் ஏறி, அடுத்த இருக்கையில் ஒரு வணிகர் முன் வந்து அமர்ந்தது. பொறையன் கேட்டதற்கு, "செத்தவன் பல்லே படவில்லையே, பிறகு எப்படி ஐயா எச்சிலாகும்?" என்றான் கோவரியன். இருந்தோர் சிரித்தனர். பொறையன் வாளைத் தொடவில்லை. அந்த நால்வருக்கும் தான் என்ன விடை சொல்வது என்று மட்டும் கேட்டு வெளியேறினான்.

அவன் நம்மிடம் முறையிட வரவில்லை. கழலற்ற காலோடு அவையில் நின்றவனை நாமே துருவித் துருவிக் கேட்டு அறிந்தோம்.

இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. மூன்றாண்டுக்கு முன் நாம் அங்கே உண்டோம். நமக்கென்றே அன்று தனியாக ஆடு வெட்டினர் என்பதை எண்ணிப் பாராமல், ஒருவேளைச் சுவைக்காகக் கொடியைக் கொடுத்தோம். அக்கொடியை நம்பியே ஆறு பேருக்கு அந்த மாலை வாயூறிற்று.

ஆகவே, இவ்வோலை கண்ட நாழிகையே கொடியை இறக்குக. கழலை மீட்டுப் பொறையனிடம் சேர்க்க. கோவரியன் நான்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு, விறகைத் தன் தலையிலேயே சுமந்து, வடகணவாய்க்கு நடக்க வேண்டும். அங்குள்ள நான்கு நடுகற்களின் முன்னும் அவன் தன் கையால் சுட்டுப் படைக்கட்டும். கடைசித் துண்டைக் காகம் கொத்தும்வரை அவன் உண்ணலாகாது. அவனை மன்னிக்கும்படி பொறையனை எவரும் வேண்டலாகாது.

மயில் இலச்சினையை நம் கையாலேயே பதித்தோம். இனி எந்த ஊண்சாலைக்கும் அது பதியாது. சுட்ட இறைச்சியின் பதம் சரிதானா என்று கோவரியன் அந்தக் கற்களிடமே கேட்டுக்கொள்ளட்டும்.